கடைசல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய மரச்சாமான்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. எனக்குக் கோவையில் மென்பொருள் வேலை. போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய மரக் கடைசல் மிஷினை (கட்டையைச் சுழலவிட்டு உளியால் சீவுகிற லேத்) 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். வார்ப்பிரும்பு பெட் (மற்ற உறுப்புகள் உட்காருகிற அடித்தளம்), நாலடி நீளம். கம்பெனித் தகடு இல்லை. பட்டறையை மூடி ஆறேழு வருடம் ஆகிறதாம். பெரியவரின் மகன்தான் விலை பேசி விற்றார். பெரியவருக்கு எண்பது தாண்டியிருக்கும், காது சரியாகக் கேட்காது. அதனால் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது திண்ணையில் உட்கார்ந்தபடி “எடப்பக்கம் பாத்துக்கோ கண்ணு” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். மிஷின் சாய்ந்துவிடாமல் பார்க்கச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உளிகளை மட்டும் தர முடியாது என்றுவிட்டார்.

இப்போது முழுக்கக் கழற்றிப் புதுசு மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்த உளுத்த பலகை, காலில் ஆணியடித்திருந்த தோல் வார் எல்லாவற்றையும் குப்பையில் ஒதுக்கிவிட்டேன். என் சந்தேகங்கள் இவை. ஸ்பிண்டில், அதாவது கட்டையைச் சுழற்றுகிற தண்டு, கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் என்ற வளையத்தில் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு பால் பேரிங் போடலாமா? மோட்டார் த்ரீ ஃபேஸ், வீட்டில் சிங்கிள் ஃபேஸ். விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கித் தருகிற கருவி) போட்டால் சரியாகுமா? என்ன பெயிண்ட் அடிப்பது? ஸ்பிண்டிலின் இடது முனையில் இருக்கும் தட்டு மட்டும் கழலவே மாட்டேன் என்கிறது. பைப் ரெஞ்சில் நீளக் குழாயைச் சொருகி இழுத்தும் அசையவில்லை. அடுத்து காஸ் வைத்துச் சூடு காட்டலாம் என்றிருக்கிறேன். கடைவதை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்தானே? இந்தக் காலத்தில் இது வீண் வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?

ச., கோவை

அன்புள்ள ச.,

சூடு காட்டாதீர்கள். ரெஞ்சையும் கீழே வையுங்கள். அந்தத் தட்டு எதிர் மரை, வழக்கத்துக்கு மாறான பக்கம் திருப்பினால்தான் கழலும்.

கடைசல் மிஷினுக்கு முன்னால் நாம் நிற்கும்போது மரத்தின் மேல்பக்கம் நம்மைப் பார்த்து வரும்படி சுற்றும். வலது முனையில் சாதாரண மரை இருந்தால் போதும். உளி அழுத்த அழுத்த, மரம் மாட்டுகிற தட்டு இறுகிக்கொள்ளும். பெட்டின் மேல் வைக்க முடியாத அளவுக்குப் பெரிய தாம்பாளம், மரச்சட்டி போன்றவற்றைக் கடைவதற்காகச் சில மிஷின்களில் இடது முனையிலும் தட்டு இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுற்று நேர்மாறு. சாதாரண மரை போட்டால் ஓடும்போதே கழன்று முகத்துக்கு வரும். அதனால் அங்கே எதிர் மரை வெட்டுவார்கள். இடது முனைக்கு எதிரே நின்று, கடிகார முள் சுற்றுகிற பக்கம் திருப்பினால் கழலும். நீங்கள் இத்தனை நாளாகக் குழாய் போட்டு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துவிட்டு, மரச் சுத்தியலால் தட்டித் திருப்புங்கள்.

“எடப்பக்கம் பாத்துக்கோ கண்ணு.” அவர் வண்டியைச் சொல்லவில்லை. இதைத்தான் சொல்லியிருக்கிறார், இரண்டு மூன்று தடவை. மிஷினைப் பிரிக்கிற எவனும் முதலில் தடுக்கி விழுகிற இடம் அதுவென்று அவருக்குத் தெரியும். நீங்கள் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புஷ்ஷை எடுக்காதீர்கள். பால் பேரிங் போட வேண்டுமென்றால் ஸ்பிண்டிலைத் தாங்குகிற ஹெட்ஸ்டாக்கின் வார்ப்பில் துளையைப் பெரிதாக்க வேண்டும். இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் ஸ்பிண்டிலின் முள்ளும், கட்டையின் மறுமுனையைத் தாங்குகிற டெயில்ஸ்டாக்கின் முள்ளும் மறுபடி சந்திக்கவே சந்திக்காது. ஸ்பிண்டிலுக்கு அடியில் ஒரு ரீப்பரைக் கொடுத்து மேலே நெம்பிப் பாருங்கள், நுண்ணிய அசைவை அளக்கிற டயல் கேஜ் வைத்து. ஆட்டம் இருந்தால் புஷ் பிளந்த வகையா என்று பாருங்கள். பிளந்த வகையென்றால் இடையில் ஷிம் என்ற மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்றிரண்டை உருவினாலே இறுகும். முழு புஷ் தேய்ந்திருந்தால் உங்கள் ஊரில் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து கொடுக்க எத்தனையோ பட்டறை இருக்கிறது. கிரீஸ் வேண்டாம், மெஷின் ஆயில்தான். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் விட வேண்டும்.

விஎஃப்டி போடலாம். ஆனால் வீட்டு இணைப்பில் ஓடுகிற விஎஃப்டி 230 வோல்ட்தான் தரும். உங்கள் மோட்டார் அநேகமாக 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருக்கும் (ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டார் சுருள்களை இணைக்கிற முறைகள்). டெல்டாவுக்கு மாற்ற ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பெட்டின் மேல்பரப்பில் ஆங்கிள் கிரைண்டர் படவே கூடாது. மண்ணெண்ணெய், பித்தளைப் பிரஷ், கடைசியில் மெழுகு, அவ்வளவு போதும். பெயிண்ட் உங்கள் இஷ்டம்.

வீண் வேலையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

உளுத்த பலகை என்று எழுதியிருக்கிறீர்களே, அது குப்பை இல்லை. கடைபவரின் முழங்கை உயரத்தில் ஸ்பிண்டில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் மாலைக்குள் முதுகு போய்விடும், உயர்ந்திருந்தால் தோள். அந்தப் பலகை பெரியவருடைய முழங்கைக்கு வைத்த அளவு. உங்களுக்கு எவ்வளவு தேவையோ அதை அளந்து வேறு பலகை போடுங்கள். தோல் வார் எதற்கென்று நீங்கள் யோசிக்க வேண்டாம், நானும் ஊகிக்கப்போவதில்லை. சொல்வதற்கு ஆள் இருக்கிறார். குப்பைக்காரர் வருவதற்கு முன் இரண்டையும் எடுத்து வையுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கடைசல்காரர்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்பாசமுத்திரம் கடைசலுக்குப் பேர்போன ஊர். செப்புச் சாமான் என்று சொல்வோம். பெண் குழந்தை இருக்கிற வீட்டில் மரத்தில் கடைந்த குட்டி அடுப்பு, குட்டிப் பானை, திருகை, உரல் எல்லாம் ஓலைப் பெட்டியில் இருக்கும். எங்கள் தெருக் கோடியிலும் ஒரு கடைசல்காரர் இருந்தார். கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பம்பரம் என்று எல்லாம் செய்வார். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் அங்கேதான் போய் நிற்போம்.

அவர் கையை நான் எத்தனையோ நேரம் பார்த்திருக்கிறேன். உளியின் கூர்வாயை அவர் முதலில் மரத்தில் வைக்க மாட்டார். வாய்க்குப் பின்னால் சரிவாகத் தீட்டியிருக்கிற முதுகை வைப்பார். முதுகு மரத்தில் உரசிக்கொண்டே ஓடும், ஒன்றும் சீவாது. பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவார். ஒரு இடத்தில் வாய் பட்டு, மெல்லிய சுருள் ஒன்று எழும்பி அவர் கட்டைவிரல் மேல் ஏறும். மஞ்சக்கடம்பு என்றால் அந்தச் சுருள் மஞ்சளாக, அறுபடாமல் வரும். கட்டை உருண்டையாகிவிட்டதா என்று பார்க்க மிஷினை நிறுத்த மாட்டார். சுற்றுகிற கட்டையின் மேல், நகம் போல் வளைந்த வாயுள்ள நகவுளியின் முதுகை லேசாகப் படுக்க வைப்பார். உளி டகடகவென்று துள்ளினால் இன்னும் முண்டு இருக்கிறது. அப்படியே அசையாமல் படுத்திருந்தால் உருண்டை ஆகிவிட்டது.

அவரிடம் மோட்டார் இருந்தது. ஆனால் அவர் தொழில் படித்தது மோட்டாரில் இல்லை. சின்ன வயதில் அவர் அப்பாவுக்குக் கயிறு இழுத்தவர். கட்டையில் கயிற்றைச் சுற்றி இரண்டு முனையையும் மாறி மாறி ஒருவர் இழுப்பார், தரையில் உட்கார்ந்து இன்னொருவர் உளி பிடிப்பார். எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் கி.மு. 300 வாக்கில் செதுக்கிய காட்சியிலும் இதேதான். ஒருவன் இழுக்கிறான், ஒருவன் கடைகிறான். கயிறு இழுப்பது கழுதை வேலை என்று நமக்குத் தோன்றும். ஆனால் இழுக்கிற பையன் நாள் முழுக்க உளிக்கு நேரெதிரே உட்கார்ந்திருக்கிறான். உளி எப்போது அழுந்துகிறது, எப்போது விலகுகிறது என்பது அவன் கைக்குக் கயிறு வழியாகவே தெரிகிறது. மரத்தில் கணு வரும்போது இழுவை கனக்கும், அப்பா பிடியை மாற்றுவார். உளியைத் தொடுவதற்கு முன்பே அவனுக்குத் தொழிலில் பாதி வந்துவிடும்.

மோட்டார் வந்ததும் அந்தப் பையனுக்கு வேலை இல்லாமல் போனது. நல்லதுதான், அவன் பள்ளிக்கூடம் போனான். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் தொழில் கைமாறுகிற வழியும் அவனோடு போய்விட்டது, வேறு வழியை யாரும் போடவில்லை. பிளாஸ்டிக் வந்ததால் கடைசல் செத்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் இதைப் பல வருடமாக மறுத்து வருகிறேன். பிளாஸ்டிக் வந்த பிறகும் கட்டில் காலுக்கும் மாடிப்படி மரக் கம்புக்கும் ஆள் தேடி அலைந்தார்கள், ஆள்தான் கிடைக்கவில்லை. வாங்குகிறவன் போனது அப்புறம். படிக்கிறவன் போனதுதான் முதலில்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். பெர்க்‌ஷயரில் பக்கிள்பரி காமன் என்ற இடத்தில் ஜார்ஜ் லேலி என்று ஒருவர் இருந்தார். காலால் மிதித்து, மேலே வளைகிற கழி திரும்ப இழுக்கிற பழைய முறைக் கடைசலில் எல்ம் மரக் கிண்ணங்கள் செய்தவர். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக வரிசையாகக் கிண்ணங்களை எடுப்பார். அதற்கு வளைந்த கொக்கி உளிகளைத் தானே அடித்துக்கொண்டார். 1958இல் இறந்தார். அவருக்குப் பின் அந்தத் தொழிலைத் தொடர ஆள் இல்லை. அவருடைய மிஷினையும் உளிகளையும் ரெடிங்கில் இருக்கும் ஆங்கிலேய கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்தார்கள். மிஷின் அப்படியே இருந்தது, உளிகள் அப்படியே இருந்தன. அதை ஓட்டத் தெரிந்தவர் இல்லை. 1990களில் ராபின் வுட் என்பவர் அந்த உளிகளைப் பார்த்து, அதே மாதிரி அடித்து, தப்பும் தவறுமாகச் செய்து செய்து அந்த வேலையைத் திரும்பப் பிடித்தார். லேலி உயிரோடு இருந்தபோது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம்.

உங்களுக்கு அந்த மனிதர் பொள்ளாச்சியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரப் பயணம். உங்களைக் கண்ணு என்று கூப்பிட்டிருக்கிறார். நீங்கள் கணினியின் முன்னால் உட்கார்ந்து, வேறு மரத்தை, வேறு உளியால், வேறு மிஷினில் கடைகிறவரைப் பார்த்துப் படிக்கப்போகிறேன் என்கிறீர்கள். உளி தீட்டுகிற கோணத்தை யூடியூப் சொல்லித் தரும், பாருங்கள், நல்லதுதான். உங்கள் மிஷினில் எந்த வேகத்தில் ஸ்டாண்ட் அதிரும், எந்த இடத்தில் உளியைத் தாங்குகிற டூல் ரெஸ்ட் வழுக்கும் என்பது அதில் வராது. காது கேட்காதாம்! பக்கத்தில் போய் உட்கார்ந்து சத்தமாகப் பேசினால் என்ன? எழுதிக் காட்டினால் என்ன? அதுவும் முடியாவிட்டால் கழற்றிய உறுப்புகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், அவரே பேசுவார். மகனிடம் பணத்தைக் கொடுத்ததும் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? 22,000 ரூபாய் இரும்புக்குக் கொடுத்த விலை.

உளியைத் தராதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவற்றை விலைக்குக் கேட்காதீர்கள். நீங்கள் கோவையில் இரண்டு நகவுளி, வாய் சரித்துத் தீட்டிய உளி ஒன்று, கட்டையைத் துண்டிக்கிற வெட்டுளி ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது சட்டென்று ஒடிந்து தெறிக்கும். வாங்கிய உளிகளை அவர் கையில் கொடுத்து, தீட்டித் தரச் சொல்லுங்கள். எப்படித் தீட்டுகிறார் என்று பார்த்தாலே பாதி நாள் போய்விடும்.

மிஷின் ஓடத் தயாரானதும் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வாருங்கள். மகனிடம் முதலில் சொல்லி, அவருக்கு முடிகிற நாளாகப் பாருங்கள். பலகையைக் கழுவி, அவர் உயரத்துக்குப் பழையபடி போட்டு வையுங்கள். மூன்றங்குலக் கட்டையாக ஒன்று மாட்டுங்கள், பச்சையாக இல்லாமல், வெடிப்பு இல்லாமல். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகத்தோடு பெருக்கினால் ஆறாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையில் வர வேண்டும் என்பது கடைசல் கணக்கு. மூன்றங்குலத்துக்கு 2000 சுற்றில் தொடங்கலாம். அன்றைக்கு நீங்களும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுங்கள். அவர் தோளில் துண்டு இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள். கையுறை யாரும் போடக் கூடாது, முகத்தை முழுக்க மறைக்கிற, கண்ணாடி போலத் தெரிகிற கவசம் இரண்டு பேருக்கும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டாண்டுக்கும் மோட்டாருக்கும் எர்த் கம்பி கொடுத்துச் சோதித்துவிடுங்கள். அது இல்லாமல் அந்த மனிதரை அதன் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

அன்புடன்.