பாஸ்த்ரூ கார்டை ரீசெட் செய்யும் முன்: கேள்வி பதில்

விஎம்முக்கு (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) நேரடியாகக் கொடுத்த, அதாவது பாஸ்த்ரூ செய்த கார்டு மாட்டிக்கொள்வது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் லினக்ஸ் ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் உண்மையான கணினி), கேவிஎம் (விஎம்களை ஓட்டும் கர்னல் வசதி), விஎஃப்ஐஓ (கார்டை விஎம்மிடம் ஒப்படைக்கும் கர்னல் பகுதி). பதில்களும் அதை வைத்துத்தான்.

கேள்வி: சார், ஹோஸ்ட்டை ஆன் செய்ததும் முதல் முறை விஎம் அருமையாக ஓடுகிறது. விஎம்மை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினால் திரை கறுப்பாகவே இருக்கிறது. ஹோஸ்ட்டை ரீபூட் செய்தால்தான் சரியாகிறது. ஏன்?

விஎம் அணைந்தாலும் கார்டு இருக்கும் ஸ்லாட்டில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கெஸ்ட்டின் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்) டிரைவர் கார்டுக்குள் ஏற்றிய ஃபர்ம்வேர், நினைவக அமைப்பு எல்லாம் அப்படியே கிடக்கும். அடுத்து வரும் டிரைவரோ கார்டு புதிதாக இருக்கிறது என்று நம்பி வேலையைத் தொடங்குகிறது. அங்கேதான் சிக்கல். முதல் முறை ஓடியதற்குக் காரணம், அப்போதுதான் மின்சாரம் கிடைத்த கார்டு சுத்தமாக இருந்தது.

உங்களுடையது ஏஎம்டி போலாரிஸ், வேகா அல்லது நவி 10 வகை என்றால் இது நன்கு அறிந்த கோளாறு. கர்னல் தரும் சாதாரண ரீசெட் அந்தச் சிப்பின் உள்ளே வரை போவதில்லை. 'வெண்டார் ரீசெட்' என்ற தனிக் கர்னல் மாட்யூல் இந்தக் கார்டுகளுக்கென்றே எழுதப்பட்டது. முதலில் அதை முயன்று பாருங்கள்.

கேள்வி: என் கார்டு எந்த வகை ரீசெட்டை ஏற்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். ரீசெட் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் பல வகை உண்டு.

மிக நல்லது எஃப்எல்ஆர் (ஃபங்ஷன் லெவல் ரீசெட்). கார்டின் ஒரு ஃபங்ஷனை (கார்டுக்குள் தனிச் சாதனம் போலத் தெரியும் பகுதி) மட்டும் துடைத்துவிடும், பக்கத்தில் இருப்பதைத் தொடாது. அடுத்தது பவர் மேனேஜ்மென்ட் வழி: கார்டை டி3 நிலைக்குத் தூங்க அனுப்பி, டி0-க்கு எழுப்புவது. மூன்றாவது பஸ் ரீசெட். மேலே உள்ள பிரிட்ஜ் (கார்டு இருக்கும் பஸ்ஸை மற்றவற்றோடு இணைக்கும் சிப்) வழியாக அந்தப் பஸ்ஸில் இருக்கும் அத்தனையையும் ஒரே அடியாக ரீசெட் செய்வது.

'எல்எஸ்பிசிஐ' கட்டளையை ரூட்டாக, இரண்டு 'வி' போட்டு ஓட்டுங்கள். கார்டின் திறன்கள் வரும் பகுதியில் 'எஃப்எல்ரீசெட்' என்பதற்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தால் எஃப்எல்ஆர் உண்டு. கழித்தல் குறி என்றால் இல்லை. பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'நோ சாஃப்ட் ரீசெட்' என்பதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: கழித்தல் குறி இருந்தால்தான் டி3 போய் வரும்போது ரீசெட் ஆகும். அதையும் முழுதாக நம்பாதீர்கள். சில ஏஎம்டி கார்டுகள் ரீசெட் ஆவதாக அறிவித்துவிட்டு, உண்மையில் எதுவும் செய்வதில்லை. அதற்காகக் கர்னலில் தனி விதிவிலக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கர்னல் 5.15 முதல், ரீசெட் செய்ய வழியுள்ள ஒவ்வொரு சாதனத்தின் சிஸ்எஃப்எஸ் அடைவிலும் (கர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) 'ரீசெட் மெத்தட்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைப் படித்தால் எந்த முறைகளை, எந்த வரிசையில் கர்னல் முயலும் என்று தெரியும். வேண்டாத முறையை அதிலிருந்து நீக்கவும் முடியும்.

கேள்வி: சிஸ்எஃப்எஸ்-ல் 1 என்று எழுதினால் சாதனத்தை ரீசெட் செய்யும் 'ரீசெட்' கோப்பே என் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இல்லை அண்ணா. அப்படியானால் ரீசெட்டே ஆகாதா?

ஆகும் தம்பி, பயப்பட வேண்டாம். உங்கள் கார்டில் எஃப்எல்ஆர் இல்லை, அதோடு ஆடியோவுக்கு இரண்டாவது ஃபங்ஷன் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே பஸ்ஸில் இன்னொரு ஃபங்ஷன் இருக்கும்போது, ஒன்றுக்காக மொத்தப் பஸ்ஸையும் ரீசெட் செய்யக் கர்னல் மறுத்துவிடும். நியாயம்தானே. அதனால்தான் கோப்பு தெரிவதில்லை.

விஎஃப்ஐஓ வேறு வழியில் போகும். அந்தப் பஸ்ஸில் உள்ள எல்லாமே ஒரே விஎம்மின் கையில் இருந்தால் பஸ் ரீசெட்டுக்கு அனுமதி தரும். ஆகவே கிராஃபிக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு ஆடியோவை ஹோஸ்ட்டில் விட்டு வைக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே விஎஃப்ஐஓ-வுக்குக் கட்டி, சேர்த்தே விஎம்முக்குக் கொடுங்கள். சில கார்டுகளில் யுஎஸ்பி-சி ஃபங்ஷன்களும் உண்டு, அவற்றையும் மறக்காதீர்கள்.

கேள்வி: விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ரீசெட் கோப்பில் 1 என்று எழுதலாமா?

வேண்டாம். கெஸ்ட்டுக்குள் இருக்கும் டிரைவருக்கு எதுவும் தெரியாமல் அதன் காலடியில் இருந்து கார்டை உருவியது போல ஆகும். பொதுவாகக் கையால் எழுத வேண்டிய தேவையே வராது. விஎம் கார்டைத் திறக்கும்போதும் விடும்போதும் விஎஃப்ஐஓ தானே ரீசெட் முயல்கிறது.

கேள்வி: விஎம் உறைந்துவிட்டது. கட்டாயமாக நிறுத்தினால் கார்டுக்கோ ஹோஸ்ட்டுக்கோ ஆபத்தா?

கார்டு எரிந்து போகாது. ஆனால் டிஎம்ஏ (கார்டு நேரடியாக நினைவகத்தில் படிப்பது, எழுதுவது) நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். ஐஓஎம்எம்யு (கார்டு எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) இருப்பதால் அந்த எழுத்து ஹோஸ்ட்டின் நினைவகத்துக்குப் போய்விடாது. கார்டோ பாதி வேலையில் நிற்கும். ரீசெட்டை ஏற்க மறுப்பது பெரும்பாலும் இப்படி நின்ற கார்டுகள்தான்.

அதனால் வரிசையாகப் போங்கள். முதலில் கெஸ்ட்டுக்குள் எஸ்எஸ்எச் அல்லது கெஸ்ட் ஏஜென்ட் வழியாக நுழைய முடிகிறதா பாருங்கள். முடிந்தால் டிரைவரை அன்லோட் செய்யுங்கள். விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் கார்டை டிஸேபிள் செய்யுங்கள். பிறகு முறையாக ஷட்டவுன். அதற்கும் மசியவில்லை என்றால் கட்டாய நிறுத்தம். அடிக்கடி மாட்டும் கார்டு என்றால், விண்டோஸ் அணையும்போது தானாகவே டிஸேபிள் ஆகும்படி ஒரு ஸ்கிரிப்ட் போட்டு வைப்பது நல்ல பலன் தருகிறது.

கேள்வி: கார்டு மொத்தமாகச் செத்துவிட்டதா, இன்னும் காப்பாற்றலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கர்னல் லாகைத் திறந்து வைத்துப் பாருங்கள். ரீசெட்டுக்குப் பிறகு கார்டு பதில் சொல்லவில்லை என்றால் 'நாட் ரெடி' என்று வரிகள் வர ஆரம்பிக்கும். 1023 மில்லி செகண்ட், 2047, 4095, 8191 என்று ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். வரிகளுக்கு இடையே இடைவெளி நீண்டுகொண்டே போகும், கார்டின் விசிறி முழு வேகத்தில் இரையும். 65535-ல் 'கிவிங் அப்' என்று வந்துவிட்டால் கர்னல் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு நிமிடம் பொறுமையாக இருங்கள். 16 அல்லது 32 செகண்டில் எழுந்து வந்த கார்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு 'எல்எஸ்பிசிஐ'யில் ரிவிஷன் 'எஃப்எஃப்' என்று வந்தால், கார்டிலிருந்து படிப்பதெல்லாம் வெறும் ஒன்றுகளாக வருகிறது, அதாவது கார்டு பஸ்ஸிலேயே இல்லை. அந்த நிலையில் திரும்பத் திரும்ப ரீசெட் செய்து பயனில்லை.

கேள்வி: 'ரிமூவ்', 'ரீஸ்கேன்' செய்தால் சரியாகும் என்கிறார்களே?

சில நேரம் ஆகும். ஆனால் அது ரீசெட் இல்லை. கர்னல் தன் பட்டியலில் இருந்து பெயரை அடித்துவிட்டுத் திரும்ப எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். கார்டின் உள்நிலை மாறுவதில்லை.

ரிமூவ் செய்துவிட்டு, ஹோஸ்ட்டைச் சில செகண்ட் சஸ்பெண்ட் செய்து எழுப்பி, பிறகு ரீஸ்கேன் செய்தால் பலன் அதிகம். தூங்கும்போது பல மதர்போர்டுகளில் ஸ்லாட்டின் முக்கிய மின்சாரம் நின்றுவிடும் என்பதுதான் காரணம். ஹோஸ்ட்டை ரீபூட் செய்வதற்கு முன் கடைசியாக இதை முயலலாம். மற்ற விஎம்களில் பாஸ்த்ரூ கார்டுகள் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் கைவைக்க வேண்டாம்.

ஒரு முறை விஎம் முழுதாக நிற்பதற்கு முன்பே அவசரப்பட்டு ரிமூவ் கொடுத்துவிட்டேன். டெர்மினல் அப்படியே நின்றது. லாகில், சாதனத்தை விடும்படி விஎம்மிடம் கேட்டுக்கொண்டிருப்பதாக வரி மேல் வரி. கியூஎம்யு (விஎம்மை ஓட்டும் நிரல்) செயல்முறை முடியும்வரை ஒன்றும் நகரவில்லை. அன்றிலிருந்து அந்தச் செயல்முறை உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கட்டளை.

கேள்வி: என்விஎம்இ டிஸ்க்கை (ஒரு வகை வேகமான எஸ்எஸ்டி) பாஸ்த்ரூ செய்திருக்கிறேன். ரீசெட்டில் டேட்டா போகுமா?

எழுதி முடித்த டேட்டா போகாது. கெஸ்ட் இன்னும் டிஸ்க்குக்கு அனுப்பாமல் நினைவகத்தில் வைத்திருந்தது போகும். எனவே முடிந்தால் முதலில் கெஸ்ட்டுக்குள் ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்யுங்கள்.

என்விஎம்இ-யில் எஃப்எல்ஆர் வழக்கமாக நன்றாகவே வேலை செய்யும், ஆனால் விதிவிலக்குகள் உண்டு. சாம்சங் எஸ்எம்961, பிஎம்961 கண்ட்ரோலரை முதலில் முடக்கிவிட்டுத்தான் எஃப்எல்ஆர் கொடுக்க வேண்டும். இன்டெல் பி3700-க்கு எஃப்எல்ஆருக்குப் பிறகு 250 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். இரண்டையும் கர்னலே பார்த்துக்கொள்கிறது. பழைய கர்னலோடு மல்லுக்கட்டாமல் புதியதற்கு மாறுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கேள்வி: எஸ்ஆர்-ஐஓவி (ஒரே கார்டைப் பல கார்டுகளாகப் பிரித்துக் காட்டும் வசதி) நெட்வொர்க் கார்டில் ரீசெட் எப்படி?

விஎஃப்களுக்கு (அப்படிப் பிரிந்த மெய்நிகர் ஃபங்ஷன்கள்) எஃப்எல்ஆர் கட்டாயம் என்று விதிமுறையே சொல்கிறது, அதனால் ஒரு விஎஃப்பை ரீசெட் செய்வதில் தொல்லை குறைவு. பிஎஃப் (கார்டின் மூல ஃபங்ஷன்) வேறு கதை. அதை ரீசெட் செய்தால் அதன் கீழ் இருக்கும் அத்தனை விஎஃப்களும் போய்விடும். அவற்றை வைத்திருக்கும் விஎம்களை முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரு விஎம்மிடம் இருந்த கிராஃபிக்ஸ் கார்டை வேறொருவரின் விஎம்முக்குக் கொடுக்கப் போகிறோம். ரீசெட் செய்தால் பழைய தகவல் அழிந்துவிடுமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ரீசெட் கார்டை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவருவதற்கானது. கார்டின் நினைவகத்தில் இருப்பதைத் துடைக்கும் என்று அது உறுதி தருவதில்லை. நம்பிக்கை இல்லாத இருவருக்கு மாறி மாறிக் கொடுப்பதாக இருந்தால், இடையில் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள சின்ன விஎம் ஒன்றை ஏற்றி, கார்டின் நினைவகம் முழுவதையும் சுழியால் நிரப்புங்கள். அது முடிந்ததும் ஹோஸ்ட்டின் மின்சாரத்தையே துண்டித்து ஏற்றிவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். டிஸ்க் என்றால் ரீசெட்டுக்கும் அழிப்புக்கும் சம்பந்தமே இல்லை; என்விஎம்இ-யின் சானிடைஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது முடிந்துவிட்டது என்று சானிடைஸ் லாகில் பார்த்த பிறகே கையை எடுங்கள்.