புறநகர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் தரமும் குறைகிறது என்று பொருளா?

அப்படிப் பொருள் இல்லை. அமெரிக்கப் புறநகர் ஒன்றில் வீடு பார்க்கிறீர்கள், மகள் ஒன்பதாம் வகுப்பில் சேரவேண்டும், அங்குள்ள பப்ளிக் பள்ளியில் (அதாவது அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில்) ஆண்டுதோறும் பிள்ளைகள் குறைகிறார்கள், அதனால் தயங்குகிறீர்கள். என் பிள்ளைகள் இருவரும் அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குறைவுக்கு முதல் காரணம் பிறப்பு விகிதம். அமெரிக்காவில் 2007-இல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன; அதுவே உச்சம். 2023-இல் அது 36 லட்சமாகிவிட்டது. உச்ச ஆண்டில் பிறந்தவர்கள் 2025-ஐ ஒட்டிப் பள்ளியை முடித்துவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வரும் வகுப்புகள் சிறியவை. புறநகரில் வீட்டு விலையும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகும் பெற்றோர் அதே வீட்டில் இருக்கிறார்கள். இளம் குடும்பங்களுக்கு வாங்கக் கட்டுப்படியாவதில்லை. இதில் ஆசிரியர்களின் பங்கு எதுவும் இல்லை.

வீடு விற்கும் இணையதளங்கள் பத்துக்கு இத்தனை என்று பள்ளிக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை முழுக்க நம்பாதீர்கள். சராசரித் தேர்வு மதிப்பெண் அந்த ஊரின் குடும்ப வருமானத்தைத்தான் பெருமளவுக்குக் காட்டுகிறது. ஒரு வகுப்பில் 60 பேர் என்றால் மூவர் தடுமாறினாலே தேறியவர்களின் விகிதம் 5 சதவீதம் சரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கிறார்கள் என்ற விகிதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலம் தெரியாமல் வந்து சேர்ந்த மாணவன் விடாமல் படித்து ஐந்தாம் ஆண்டில் பட்டயம் வாங்கினாலும், அந்தக் கணக்கில் அவன் முடிக்காதவன். அவனுக்காக உழைத்த பள்ளிக்கு அது குறையாகப் பதிவாவது எனக்கு இன்றும் மனம் பொறுக்காத விஷயம்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது பாடங்களைப் பற்றி. பல மாநிலங்களில் பள்ளிக்கு அரசு நிதி மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. பிள்ளைகள் குறைந்தால் பணம் குறைகிறது. ஆனால் கட்டடத்தைச் சூடாக்கும் செலவும் பஸ் ஓட்டும் செலவும் அதே அளவில் குறைவதில்லை. மீதியைச் சொத்து வரி தாங்கவேண்டும். தாங்காதபோது முதலில் வெட்டப்படுவது குறைவான பேர் எடுக்கும் வகுப்புகள்: கால்குலஸின் இரண்டாம் நிலை, இயற்பியல், மூன்றாம் ஆண்டு பிரெஞ்சு, இசைக்குழு. எங்கள் பள்ளியில் மேல்நிலை இயற்பியலுக்குப் போதிய பேர் சேரவில்லை என்று அதை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்தத் தொடங்கினார்கள். என் மகள் அதற்காகத் தன் பாடத்திட்டத்தையே மாற்றி அடுக்கவேண்டியிருந்தது. மறுபக்கம், சிறிய வகுப்பில் அவளுடைய வேதியியல் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையும் எங்கே திணறுகிறது என்று தெரிந்திருந்தது. கல்லூரிக்கான பரிந்துரைக் கடிதத்தை அவளை நன்கு அறிந்த ஒருவர் எழுதினார். பெரிய பள்ளியில் இது எளிதில் கிடைக்காது.

ஆகவே பள்ளி அலுவலகத்தில் இந்த ஆண்டின் பாடப் பட்டியலையும் ஐந்தாண்டுக்கு முந்தையதையும் கேட்டு வாங்குங்கள். எது காணாமல் போயிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, அவை வரும் ஆண்டில் உண்மையில் நடக்குமா என்றும் கேளுங்கள். ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் கூட்டங்களில் பொதுமக்கள் உட்காரலாம். வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் பட்ஜெட் பேசும் கூட்டம் ஒன்றுக்காவது போய்வாருங்கள்.