மலை எங்கே போகும்? (வாசகர் கேள்விகளும் பதில்களும்)

ஐரோப்பாவில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘பிட்ஸ் வால் கிரோண்டா. ஆனால் அது போய்விட்டது’ என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டேன். விடுவீர்களா? கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த வாரம் சினிமா, அரசியல் கேள்விகளுக்கு ஓய்வு.

கே: போய்விட்டது என்றால் என்ன சார் அர்த்தம்? மலை எங்கே போகும்? நிலச்சரிவா?
– வாசகர், ஈரோடு

ப: மலை அங்கேயேதான் நிற்கிறது, அதே 2,812 மீட்டர் உயரத்தில். போனது, ஆளில்லாத சரிவில் அமைதியாக ஏறிப்போகும் சுகம்.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், பாட்ஸ்நவுன் பள்ளத்தாக்கில் இஷ்கல் என்று ஓர் ஊர். 2020 மார்ச்சில், பனிச்சறுக்கு ஆட வந்தவர்கள் வழியாகப் பல நாடுகளுக்குக் கொரோனா போனது என்று செய்தியில் அடிபட்டதே, அதே ஊர்தான். ஊருக்குத் தெற்கே ஃபிம்பா என்ற கிளைப் பள்ளத்தாக்கு. அதில் நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் ஆஸ்திரியா முடிந்து சுவிட்சர்லாந்து ஆரம்பித்துவிடும். ஓடை என்னவோ ஆஸ்திரியா பக்கம்தான் ஓடுகிறது, ஆனால் மேல்பாதி சுவிஸ் மண். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள சென்ட் கிராமத்தார் கணவாய் தாண்டி மாடு ஓட்டிவந்து மேய்த்த புல்வெளி அது. மாடு போன இடம் வரை எல்லை.

அந்தப் புல்வெளியில் 2,264 மீட்டரில் ஹைடெல்பெர்கர் ஹ்யூட்டே என்ற மலைக்குடில் இருக்கிறது. ஜெர்மன் ஆல்ப்ஸ் கழகத்தின் ஹைடெல்பெர்க் கிளை 1889-ல் கட்டியது. நிலம் சுவிஸ், சொந்தக்காரர் ஜெர்மானியர், பருப்பும் உருளைக்கிழங்கும் வருவது ஆஸ்திரியாவிலிருந்து. எனக்கு இந்த மாதிரிக் குளறுபடியான இடங்கள் ரொம்பப் பிடிக்கும்.

குடிலிலிருந்து பிட்ஸ் வால் கிரோண்டா உச்சிக்கு 550 மீட்டர் ஏற்றம்கூடக் கிடையாது. பனிக்காலத்தில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு நிதானமாக ஏறினால் இரண்டு மணி நேரம். மூவாயிரம் மீட்டர் சிகரம் வேண்டும் என்பவர்கள் ‘பிரைட்டே குரோனே’ பக்கம் போவார்கள். இது முதல் நாள் கால்களைப் பழக்குவதற்கும், வானம் சரியில்லாத நாளில் சீக்கிரம் போய்த் திரும்புவதற்கும் உள்ள மலை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தோதானது. இன்ஸ்ப்ரூக்கில் நான் வேலை பார்த்த காலத்தில், எங்கள் ஆய்வகத்தில் நூலகராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார்தான் என்னை அங்கே கூட்டிப்போனார். எழுபதைத் தாண்டியவர். ‘பேசிக்கொண்டே ஏற முடியவில்லையா? அப்படியானால் நீ வேகமாகப் போகிறாய்’ என்பார். வழிநெடுக, தன் தக்காளிச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

அந்தச் சரிவில் தடம் என்பது முன்னால் போனவரின் ஸ்கீ பதித்த இரண்டு கோடுகள்தான். ராத்திரி பனி கொட்டினால் அதுவும் அழிந்துவிடும். காலையில் யாராவது ஒருவர் புதிதாகப் போட வேண்டும். அவர் களைத்தால் ஓரமாக ஒதுங்குவார், அடுத்தவர் முன்னே வருவார். யாரும் யாரிடமும் சொல்வதில்லை, தானாக நடக்கும். உச்சியில் ஒரு வாய் தேநீர். பிறகு யார் கோடும் படாத பனியில், ஏற இரண்டு மணி நேரம் எடுத்த சரிவில், பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம்.

2013 டிசம்பரில் அந்த உச்சிக்குக் கேபிள்கார் ஓட ஆரம்பித்தது. பெட்டி ஒன்றில் 150 பேர். குடிலிலிருந்து இன்றைக்கும் ஏறலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் மூச்சு வாங்க ஏறிப் போய், பெட்டிக் கதவு திறந்து 150 பேர் சளசளவென்று இறங்குவதைப் பார்க்க யாருக்கு மனசு வரும்? அந்த அம்மையார் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

கே: ஸ்கீ என்றால் வழுக்கிக்கொண்டு இறங்குவதுதானே? அதை மாட்டிக்கொண்டு எப்படி ஏறுவது?
– வாசகி, மன்னார்குடி

ப: ஸ்கீயின் அடிப்பக்கத்தில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். ஒரு காலத்தில் சீல் தோல். இப்போது அங்கோரா ஆட்டு ரோமம், இல்லாவிட்டால் நைலான். ரோமம் எல்லாம் பின்னோக்கிப் படிந்திருக்கும். முன்னே தள்ளினால் வழுக்கிப் போகும், பின்னே சறுக்கப் பார்த்தால் சிலிர்த்துப் பிடித்துக்கொள்ளும். பூட்ஸின் முனை மட்டும் மாட்டியிருக்க, குதிகால் தூக்கித் தூக்கி நடக்கலாம். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து, பசை குளிரில் இறுகாமலிருக்கச் சட்டைக்குள் திணித்து, குதிகாலையும் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பையில் மண்வாரியும், புதைந்தவரைக் குத்தித் தேட மடக்குக் கம்பியும், மார்பில் இருக்குமிடம் காட்டும் சமிக்ஞைக் கருவியும் கட்டாயம். பனிச்சரிவில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போனால் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும்.

கே: பழனியில் ரோப் கார் வந்த பிறகுதான் என் அம்மாவால் முருகனைப் பார்க்க முடிந்தது. முழங்கால் வலிக்காரர்களும் மலை உச்சியைப் பார்க்கட்டுமே! ‘நாங்கள் மட்டும் கஷ்டப்பட்டு ஏறுவோம், வேறு யாரும் வரக்கூடாது’ என்பது மேட்டுக்குடித்தனம் இல்லையா?
– வாசகி, திண்டுக்கல்

ப: நல்ல கேள்வி, காரமாகவும் இருக்கிறது. உங்கள் அம்மா தரிசனம் செய்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் பழனியில் ரோப் கார் வந்ததால் படி கெட்டுப்போகவில்லை, யானைப்பாதையும் கெட்டுப்போகவில்லை. படியேறுகிறவருக்குக் கிடைக்கிற முருகன் ரோப் காரில் போகிறவருக்கும் முழுசாகக் கிடைக்கிறார். பிட்ஸ் வால் கிரோண்டாவில் ஏறுகிறவருக்குக் கிடைத்தது ஆளில்லாத சரிவு. அதை 150 பேருக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கும் மிஞ்சாது.

முழங்கால் விஷயத்துக்கு வருவோம். இஷ்கலில், ஊருக்கு மேலே உள்ள ஈடால்ப் வரை கேபிள்கார் 1963-லேயே வந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள சம்நவுனோடு சேர்த்து 239 கிலோமீட்டர் சறுக்குத்தடம் இருப்பதாக அவர்களே விளம்பரம் செய்கிறார்கள். ஏற முடியாதவர் போவதற்கு உச்சிகள் ஏற்கனவே ஏராளம். புதிதாக ஒன்று சேர்ந்ததில் யாருடைய அம்மாவுக்கும் மலை கிடைக்கவில்லை. மெதுவாக ஏறுகிறவர்களுக்கென்று இருந்த ஒரு மலைதான் போயிற்று.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்த மலைப்பகுதி ஒரு காலத்தில் எப்படிப்பட்ட ஏழ்மையில் கிடந்தது தெரியுமா? வீட்டில் சோறு போட முடியாமல், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை மார்ச் மாதப் பனியில் கணவாய்கள் வழியே நடத்திக் கூட்டிப்போய், ஜெர்மனியின் ராவன்ஸ்பர்க் சந்தையில் பண்ணைக்காரர்களிடம் கூலிக்கு விடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு ஜோடித் துணியும் கொஞ்சம் காசுமாகப் பிள்ளைகள் திரும்பி வரும். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பம் வரைக்கும் நடந்தது இது. அந்தப் பிள்ளைகளின் பேரன்கள் ஹோட்டல் கட்டியதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எல்டன் ஜானைக் கூட்டிவந்து பாட வைத்தார்கள், வைக்கட்டும். எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் என் பேச்சு.

கே: ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் சட்டங்கள் கறாரானவை என்கிறார்களே. எப்படி அனுமதி கிடைத்தது?
– வாசகர், நாகர்கோவில்

ப: சுலபமாகக் கிடைக்கவில்லை. பல வருஷம் இழுபறி. ஆஸ்திரிய ஆல்ப்ஸ் கழகம் எதிர்த்தது. டிரோலில் இயற்கையின் சார்பில் வாதாடுவதற்கென்றே அரசு சம்பளத்தில் ஓர் அதிகாரி உண்டு, அவரும் எதிர்த்தார். தாவரவியலாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த மலை ‘எங்கடின் சாளரம்’ என்று புவியியலாளர்கள் சொல்லும் இடத்தின் விளிம்பில் இருக்கிறது. மேலே கிடந்த பழைய பாறை அரித்துப்போய், அடியில் இருந்த இளைய பாறை வெளியே தெரியும் இடம். சுண்ணாம்பு மண்ணும் சுண்ணாம்பில்லாத மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதால், அரிய செடிகள் அங்கே கலந்து வளர்கின்றன. இத்தனையும் தெரிந்தேதான் 2012-ல் மாநில அரசு அனுமதி கொடுத்தது.

சூட்சுமம் இதுதான். டிரோலின் விதிப்படி புதிய பனிச்சறுக்கு மையம் தொடங்கக் கூடாது. ஏற்கனவே இருப்பதை விரிவுபடுத்த விண்ணப்பிக்கலாம். நம் ஊரில் திண்ணையை வருஷத்துக்கு ஒரு முழமாகத் தெருவுக்குள் தள்ளுகிறார்களே, அந்தக் கதை. எப்போது கேட்டாலும் ‘ஒரே ஒரு முழம்’ என்பதுதான் பதில். ஒரு நாள் பார்த்தால் மாட்டுவண்டி போக வழியிருக்காது.

கூடவே, யாருடைய சறுக்குத்தடம் நீளம் என்ற கிலோமீட்டர் போட்டி. இஷ்கலில் இந்தக் கேபிள்கார் வந்த அதே பருவத்தில்தான் லெஃக், வார்ட் என்ற வேறு இரண்டு சறுக்கு மையங்களை இணைத்தார்கள். 2015-ல் சால்பாஃக் மையத்தோடு ஃபீபர்புருன் மையம் சேர்ந்து 270 கிலோமீட்டர் ஆனது. 2016-ல் ஆர்ல்பெர்க் மையம் 305 என்றது. 2013-ல் ஒரு ஜெர்மன் நிபுணர் கணினி வரைபடத்தை வைத்து அளந்து பார்த்து, பல மையங்கள் சொல்லும் நீளம் மிகை என்று கண்டுபிடித்தார். கொஞ்ச நாள் சிரித்தார்கள். போட்டி நிற்கவில்லை.

எல்லா இடத்திலும் தோற்றுவிடவில்லை. இன்ஸ்ப்ரூக் பக்கத்தில் கால்க்கோகல் என்ற சுண்ணாம்புக் கொடுமுடிகள் 1983 முதல் ‘அமைதிப் பகுதி’. அங்கே கேபிள்கார் கூடாது என்பது சட்டம். இரண்டு மையங்களை இணைக்க அதன் குறுக்கே கம்பி இழுக்கப் பார்த்தார்கள். ஆல்ப்ஸ் மலையைக் காக்க அந்த நாடுகள் போட்டுக்கொண்ட ஆல்ப்ஸ் ஒப்பந்தத்தைக் காட்டி எதிர்த்ததில் 2014-ல் கைவிட்டார்கள். பிட்ஸ்டால், ஓட்ஸ்டால் என்ற இரு பள்ளத்தாக்குகளின் சறுக்கு மையங்களைப் பனியாறுகள் வழியாகச் சேர்க்கும் திட்டத்துக்கு, 2022-ல் பிட்ஸ்டாலில் உள்ள செயின்ட் லியோன்ஹார்ட் ஊர் மக்களிடமே வாக்கெடுத்தார்கள். மயிரிழை வித்தியாசத்தில் ‘வேண்டாம்’ ஜெயித்தது. வேண்டாம் என்றவர்களில் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதை, இதை மேட்டுக்குடித்தனம் என்ற திண்டுக்கல் வாசகியும் கவனிக்க வேண்டும்.

கே: நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?
– வாசகர், சேலம்

ப: மணாலி பக்கத்தில் பிரம்மாண்டமான ஸ்கீ கிராமம் ஒன்று கட்ட, ஃபோர்டு கார் குடும்பத்து ஆல்ஃபிரட் ஃபோர்டு பணத்தோடு வந்தார். இமாச்சல அரசும் 2005-ல் ஒப்பந்தம் போட்டது. குலு மக்கள் 2006-ல் நக்கரில் தேவர்களைக் கூட்டினார்கள். ஊர் ஊராகத் தெய்வங்களின் சார்பில் பூசாரிகள் வந்து அருள்வாக்குச் சொன்னார்கள். வாக்கு: வேண்டாம். திட்டம் பிறகு நின்றுபோனது. டிரோலில் அதிகாரிக்குச் சம்பளம் கொடுத்து வாதாட வைக்கிறார்கள், குலுவில் சாமியே நேரில் வந்துவிட்டது.

கே: ஜூலையில் மகன் வீட்டுக்கு மியூனிக் போகிறோம். எனக்கு அறுபத்திரண்டு, நன்றாக நடப்பேன். அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?
– வாசகர், கோவை

ப: தாராளமாக. இஷ்கலிலிருந்து ஃபிம்பா ஓடையை ஒட்டியே பாதை. வழியில் போடன்ஆல்ப்பில் ஒரு காபி குடியுங்கள். சாவகாசமாக நடந்தால், இஷ்கலிலிருந்து மொத்தம் நாலு மணி நேரம்போல ஆகும் ஹைடெல்பெர்கர் ஹ்யூட்டேவுக்கு. ஏற்றம் 900 மீட்டர் இருக்கும், ஆனால் செங்குத்து இல்லை. இரவு தங்குவதானால் முன்பதிவு செய்யுங்கள், படுக்கை விரிப்புப் பை ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். குடில் சுவிஸ் மண்ணில் இருப்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், விசாவிலும் ஒரு கண் வையுங்கள். மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரும், காலை ஏழுக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.