பழைய கார் செட்டைப் பட்டறையாக்க: கேள்வி பதில்

வீட்டை ஒட்டின பழைய கார் செட்டைக் கம்மி செலவுல சின்னப் பட்டறையா மாத்தறது பத்தி வந்த கேள்விகளும் பதில்களும். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடறேங்க. கையில காசு கம்மின்னா முதல்ல கூரை, அடுத்து கரண்ட், அப்புறம் தரை. பெயிண்டும் அலமாரியும் கடைசி. பாதிப்பேர் இதைத் தலைகீழாச் செய்யறாங்க. ஐப்பசி மழை புடிச்சதும் புதுப் பெயிண்ட் சுவத்தோட உரிஞ்சு வருது.

செட்டு 10க்கு 18 அடிங்ணா. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு, ரொம்பப் பழசு. போல்ட்டு இருக்கற எடமெல்லாம் ஒழுகுது. சீட்டை மாத்தாம சமாளிக்க முடியுங்களா? (பொள்ளாச்சி)

சீட்டுல விரிசல் இல்லாம இருந்தா முடியுங்க. இப்படி ஒழுகறதுக்குப் பெரும்பாலும் காரணம் போல்ட்டுக்கு அடியில இருக்கற தார் வாஷர்தான். வெயில்ல காஞ்சு நொறுங்கிப் போயிருக்கும். 8 எம்எம் ஜே போல்ட்டுக்கான (கொக்கி மாதிரி வளைஞ்ச போல்ட்டு) தார் வாஷரும் அதுக்கு மேல போடற தகர வாஷரும் புதுசா வாங்கி மாத்துங்க. துருப்பிடிச்ச போல்ட்டைத் திருகிப் பார்த்துச் சீட்டை ஒடைக்காதீங்க. முந்தின நாளே மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி ஊறவைங்க, அப்பவும் வரலைன்னா நட்டை ஆக்ஸா பிளேடுல அறுங்க. புது நட்டை வாஷர் லேசா அமுங்கற அளவுக்கு முடுக்கினாப் போதும். அதுக்கு மேல முடுக்கினா, வெயில்ல சீட்டு விரியறப்ப ஓட்டையச் சுத்திக் கீறல் விழும்.

மேல ஏறினா சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு, அது மேல மட்டும் நடங்க. பழைய சீட்டு ஆளைத் தாங்காது.

பாசியா இருக்குன்னு கம்பி பிரஷ் வச்சுத் தேய்க்கறது, கிரைண்டர்ல அறுக்கறது, பிரஷர் வாஷர் அடிக்கறது எதுவும் வேண்டாம். அந்தத் தூசியில இருக்கற நார் நுரையீரல்ல தங்கிடும், பின்னாடி புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். ஒடைஞ்ச சீட்டை எடுத்தே ஆகணும்னா நல்லாத் தண்ணி தெளிச்சு, ஒடைக்காம முழுசா எறக்குங்க. துண்டுகளை வாசல் பள்ளத்துக்குக் கொட்டி நெரவற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு. வண்டி ஏற ஏற அது பொடியாகும், செய்யாதீங்க.

புதுச் சீட்டு போட்டா: பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில வர்ற காத்து உங்க ஊர்ல மேக்க இருந்துதான் அடிக்கும். அதனால கிழக்கு ஓரத்துல ஆரம்பிச்சு மேக்க பார்த்துப் போட்டுட்டு வாங்க. ஒவ்வொரு சீட்டும் கிழக்குப் பக்கத்துச் சீட்டு மேல ஏறி உட்காரணும். மாத்திப் போட்டா காத்து சந்துல புகுந்து தூக்கும். மேல் சீட்டு கீழ் சீட்டு மேல 6 இஞ்ச் ஏறட்டும்.

மத்தியானம் உள்ள நிக்க முடியல. தெர்மோகோல் சீலிங் அடிக்கலாமுங்களா? (கரூர்)

வெல்டிங், கிரைண்டிங் செய்யற எடத்துல தெர்மோகோல் கூடவே கூடாதுங்க. ஒரு பொறி போதும். சுட்ட சுண்ணாம்பை ராத்திரி முழுக்க நீத்து, வடிகட்டி, மரவேலைக்கு வாங்கற வெள்ளைப் பசை கொஞ்சம் கலந்து, நீள மட்டையில கட்டின பிரஷ்ஷால சீட்டு மேல ரெண்டு கோட்டு அடிங்க. மழை கழுவி விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம் அடிச்சா சொரண்ட வேண்டியது இல்ல. வருசா வருசம் பங்குனிக்கு முன்னாடி ஒருக்கா அடிக்கணும், ஆனா செலவு சொற்பம். கூடவே சுவத்துக்கு அடியில ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் கூரைக்கு ஒட்டி ஒரு திறப்பு விட்டா சூடு தானா ஏறி வெளிய போகும்.

சுவர் ரெண்டடி ஒசரத்துக்கு உப்புப் பூத்து உதிருது. பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா நிக்குமா? (அவிநாசி)

நிக்காது. தண்ணி அஸ்திவாரத்துல இருந்து ஏறுது, வெளிய காயறப்ப உப்பை விட்டுட்டுப் போகுது. பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடைச்சுட்டா உப்பு அதுக்குப் பின்னால சேந்து மொத்தமாத் தள்ளிவிடும். ஈரம் தெரியற எல்லைக்கு மேல ஒரு அடி வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுங்க. செங்கல் சந்தை அரை இஞ்ச் கெல்லி, ஒரு மாசம் காயவிட்டு, உப்பை ஈரமில்லாத பிரஷ்ஷால தட்டி எடுங்க. அப்புறம் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 கலவையில பூசுங்க. வெறும் சிமெண்ட்ல கெட்டியாப் பூசினா ஈரம் இன்னும் மேல ஏறும். கலவைக்கும் பூசினதை நனைக்கறதுக்கும் போர் தண்ணி வேண்டாம், நல்ல தண்ணியே புடிங்க. உப்புத் தண்ணியில பூசி உப்பை விரட்ட முடியாது.

தரை அங்கங்க பேந்து கெடக்கு. மேலாப்புல ஒரு இஞ்ச் போட்டாப் போதுமுங்களா? (பல்லடம்)

ஒரு இஞ்ச் உரிஞ்சு வந்துரும், குறைஞ்சது ரெண்டு இஞ்ச் வேணும். பழைய தரையில தட்டிப் பாருங்க. கிண்ணுன்னு கேட்டா அப்படியே வச்சுக்கலாம், பொத்துன்னு கேக்கற எடத்தை எடுத்துடணும். மேல முழுக்கக் கொத்து விட்டு, எண்ணெய்க் கறையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, ஈரத்தோட சிமெண்ட் பால் ஊத்தி, அது காயறதுக்குள்ள காங்கிரீட் போடணும். எண்ணெய் எறங்கின எடத்துல எதுவும் ஒட்டாது, அதை வெட்டித்தான் எடுக்கணும்.

மொத்தமா எடுத்துட்டு 3 இஞ்ச் புதுசாப் போட்டா 100 சதுர அடிக்குக் கணக்கு: 1:2:4 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி) நாலரை மூட்டை சிமெண்ட், எம்-சாண்ட் (கல்லை ஒடைச்சுச் செய்யற மணல்) 11 கன அடி, முக்கால் இஞ்ச் ஜல்லி 22 கன அடி. இதே ரெண்டு இஞ்ச் மேலாப்புன்னா மூணு மூட்டை ஆகும், ஜல்லி அரை இஞ்ச் சைஸ்ல வாங்குங்க. ஆள் சொல்றான்னு தண்ணியை ஊத்திக் கூழாக்க விடாதீங்க, தரை மாவு மாவா உதிர்றதுக்கு அதுதான் காரணம். அஞ்சடிக்கு ஒரு கோடு வெட்டி விடுங்க, ஏழு நாள் சாக்கு போட்டு நனைங்க. கதவு பார்த்து 10 அடிக்கு ஒன்றரை இஞ்ச் வாட்டம், மிஷின் நிக்கற எடம் மட்டும் மட்டமா.

அடியில கரிசலா இருந்தா கதை வேற. அது மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், மேல என்ன போட்டாலும் ஒடையும். ரெண்டடி கரிசலை அள்ளிட்டுக் கிராவல் கொட்டி, அரையடிக்கு ஒருக்கா தண்ணி விட்டுத் திம்சு போட்டு இடிச்சுக் கெட்டிப்படுத்தணும். செட்டு முழுக்கச் செய்ய காசு பத்தலைன்னா லேத்தும் வைஸும் (இரும்பை இறுக்கிப் புடிக்கற கருவி) நிக்கற 6க்கு 4 அடிக்கு மட்டும் செய்யுங்க.

கம்ப்ரசர் உறுமுது, சுத்த மாட்டேங்குது. மோட்டார் போயிடுச்சுங்களா? 1 ஹெச்பி சிங்கிள் பேஸ், வீட்டுல இருந்து 25 மீட்டர் வயர் இழுத்திருக்கேன். (தாராபுரம்)

மோட்டாரைக் கடைசியாச் சந்தேகப்படுங்க. முதல்ல டேங்க்ல காத்தைக் காலி பண்ணிட்டுப் போடுங்க. சுத்தினா கோளாறு பிரஷர் சுவிச்சுல இருக்கு: கட் ஆகறப்ப ‘பிசு’ன்னு காத்து விடணும், விடலைன்னா அடுத்த தடவை பிஸ்டன் அழுத்தத்துக்கு எதிரா தொடங்க வேண்டியிருக்கும். காலி டேங்க்லயும் உறுமினா ஸ்டார்ட் பண்றப்ப சாக்கெட்ல வோல்டேஜ் பாருங்க. தொடங்கற விசை வோல்டேஜோட வர்க்கத்துல குறையும். 230க்கு பதிலா 190 வந்தா விசை மூணுல ரெண்டு பங்குக்குத்தான் தேறும். இந்த மோட்டார் ஓடறப்ப 6, 7 ஆம்ஸ், தொடங்கறப்ப அதைப் போல அஞ்சாறு மடங்கு. உங்க தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் (சதுர எம்எம் கனம்) வயர்ல தொடங்கறப்ப 20 வோல்ட்டுக்கு மேல வயர்லயே போயிரும். 4 ஸ்கொயர் காப்பர் போட்டா 8 வோல்ட்தான். வோல்டேஜ் சரியா இருந்தும் உறுமினா கெப்பாசிட்டரை மாத்துங்க, விலை அதிகமில்ல. உறுமவிட்டுட்டுப் பார்த்துட்டு நிக்காதீங்க, காயில் கருகிரும்.

வெல்டிங் மிஷின் வாங்கிட்டேன், 200 ஆம்ஸ் இன்வெர்ட்டர். 16 ஆம்ஸ் சாக்கெட்ல ஓட்டலாமா? (கோபி)

2.5 எம்எம் ராடு 80 ஆம்ஸ்ல ஓட்டினா கரண்ட் 13, 14 ஆம்ஸ் இழுக்கும், தாங்கும். 3.15 ராடுக்கு 20ஐத் தாண்டும், எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா கட் ஆகற சுவிச்சு) விழும். விழுதுன்னு பெரிய எம்சிபி மாத்தினா அப்புறம் சுவத்துக்குள்ள வயர்தான் எரியும். கேட், பெஞ்ச் வேலைக்கு 2.5 ராடே போதும். பட்டறைக்குத் தனியா ஒரு போர்டு வச்சு 30 மில்லி ஆம்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிச்சு), மோட்டாருக்கு, தொடங்கறப்ப ஏறற கரண்டைத் தாங்கற ‘சி’ டைப் எம்சிபி போடுங்க. எர்த் குழி கட்டாயம். எர்த் இல்லைன்னு நியூட்ரலை எர்த் பின்னுல முறுக்கி விடறவங்க இருக்காங்க. நியூட்ரல் அறுந்த அன்னைக்கு மிஷின் பாடி முழுக்கக் கரண்ட் வரும்.

வெளி வேலை எடுத்துக் காசு வாங்கினா வீட்டு இணைப்புல ஓட்டாதீங்க. 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவுல, உரிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போடுவாங்க.

பெஞ்சுக்கு எது மலிவுங்ணா? (கோயமுத்தூர்)

உக்கடம் பழைய இரும்புக் கடைகள்ல 50க்கு 50 எம்எம் ஆங்கிள் (‘எல்’ மாதிரி வளைஞ்ச இரும்புச் சட்டம்) எடைக்குக் கிடைக்கும். மேல பழைய தேக்குக் கதவு. வைஸ் தாடை உங்க முழங்கை ஒசரத்துக்கு வரணும், அதுல இருந்து வைஸோட ஒசரத்தைக் கழிச்சுப் பெஞ்ச் ஒசரத்தை முடிவு பண்ணுங்க. பெஞ்ச் காலைச் சுவத்துல போல்ட் போட்டுப் புடிங்க. இல்லைன்னா அரம் போடறப்பல்லாம் பெஞ்சும் கூடவே நடக்கும்.

ரோலிங் ஷட்டர் இழுக்கவே வரல. ஸ்பிரிங்கைக் கழட்டி முடுக்கலாமா? (சென்னிமலை)

வேண்டாங்க, அதுல முறுக்கு ஏறியிருக்கும், கையை ஒடைச்சுடும். ரெண்டு பக்கச் சட்டத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால தொடைச்சு, மெழுகுவத்தி தேய்ங்க. எண்ணெய் விட்டா மண்ணு ஒட்டும். அதுக்கும் வரலைன்னா ஷட்டர்காரரைக் கூப்பிடுங்க, இந்த ஒரு வேலைக்குக் கூலி குடுக்கறதுல தப்பில்ல.