தொடாத ஃபைலுக்கும் 'முரண்' என்று வந்தால்

எக்ஸ்டெர்னல் டிரைவைச் செருகிக் கணினியோடு சிங்க் செய்யும்போதெல்லாம் (இரண்டிலும் உள்ள ஃபைல்களை ஒன்றுபோல ஆக்கும்போதெல்லாம்) நீங்கள் தொடாத ஃபைல்களும் 'முரண்' பட்டியலில் வருகின்றன என்கிறீர்கள். பெரும்பாலும் ஃபைல்கள் மாறவில்லை, அவற்றின் நேரக்குறிதான் (கடைசியாக மாற்றிய நேரம்) ஒத்துப்போகவில்லை. சிங்க் மென்பொருளின் அமைப்பில் 2 விநாடி நேர வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்று வையுங்கள். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி என்றால் எஃப்எஃப்டி (/FFT) சுவிட்சைச் சேருங்கள்; அதுவும் இதே வேலையைச் செய்யும்.

டிரைவ் ஃபேட்32 (ஃபைல்களைச் சேமித்துவைக்கும் ஒரு பழைய முறை) ஃபார்மேட்டில் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஃபைலை மாற்றிய நேரத்தை அது 2 விநாடிக்கு ஒரு படியாகக் குறிக்கும். ஒற்றைப்படை விநாடியே அதில் கிடையாது. கணினியில் உள்ள என்டிஎஃப்எஸ் முறை அப்படியில்லை, நேரத்தைக் குறிப்பதில் படு நுணுக்கம்.

முரண் காட்டும் ஒரு ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸை இரண்டு பக்கமும் திறந்து பாருங்கள். கணினியில் 10:15:07, டிரைவில் 10:15:08, அளவு பைட் கணக்கில் ஒன்றே என்றால் பெரும்பாலும் நேரக்குறிதான் காரணம். சரியாக 1 மணி நேரம் தள்ளியிருந்தால் அது கோடைகால நேர மாற்றத்தின் (சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை 1 மணி நேரம் முன்தள்ளுவது) வேலை. ஃபேட்32 உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவைக்கும்.

அளவே வேறாக இருந்தால் அது நிஜ முரண். 'புதியதை வை' என்று மொத்தமாக அழுத்திவிடாதீர்கள். இரண்டு பிரதிகளையும் தனி ஃபோல்டரில் எடுத்துவைத்துத் திறந்து பாருங்கள்.

அப்புறம், டிரைவ் வெறும் பேக்கப்புக்கு என்றால் இருவழி சிங்க் எதற்கு? ஒருவழி போதும். ஆனால் 'மிரர்' வேண்டாம்: கணினியில் தவறி அழித்தது டிரைவிலும் அழிந்துபோகும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்ற ஃபார்மேட் செய்வதாக இருந்தால், முதலில் டிரைவில் உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.