அப்பாவுக்கு நாய்க்குட்டி வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

(பதில்: கால்நடை மருத்துவரும், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் அடங்கிய குழு)

அம்மா போன பிறகு 72 வயது அப்பா யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. நாய் வளர்த்தால் மனசு தேறும், ஹார்ட் அட்டாக்கும் வராது என்கிறார்கள். லாப்ரடார் குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா?
– வாசகி, அம்பத்தூர்

குட்டி வேண்டாம். லாப்ரடார் குட்டி நிச்சயமாக வேண்டாம். முதல் சில மாதம் நேரங்காலம் இல்லாமல் வீடெங்கும் சிறுநீர் போகும், பல் முளைக்கும்போது கையைக் கடிக்கும். ஒரு வருடத்தில் 30 கிலோ எடைக்கு வந்து, பூனையைக் கண்டதும் கயிற்றோடு அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஓடும். இந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்புதான் முதலில் போகும்.

நாய் இருக்கட்டும், முதலில் அப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். பேச்சும் பசியும் குறைவது மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், காது மந்தமாகக்கூட இருக்கலாம். மனச்சோர்வுக்கான சிகிச்சைக்குப் பதிலாக நாயைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. சிகிச்சையோடு சேர்ந்தால் உதவும்.

ஹார்ட் அட்டாக் கதைக்கு வேர் 1980-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. 92 இதய நோயாளிகளை ஒரு வருடம் கவனித்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள், வளர்க்காத 39 பேரில் 11 பேர். பார்க்கப் பெரிய வித்தியாசம்தான். ஆனால் குழு சிறியது; பிராணி வளர்க்கத் தெம்புள்ளவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் திடமானவர்களாகவும் இருந்திருக்கலாம். அமெரிக்க இதய சங்கம் 2013-ல் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, நாய் வளர்ப்பது இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம், அதற்காக மட்டுமே ஒரு பிராணியை வாங்க வேண்டாம் என்று சொன்னது. எங்கள் கருத்தும் அதுவே.

அப்பாவுக்கு நாய் மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால், காப்பகத்திலிருந்து மூன்று வயதுக்கு மேற்பட்ட, கருத்தடை ஆபரேஷன் முடிந்த, 12 முதல் 15 கிலோ எடையுள்ள நாட்டு நாயாகப் பாருங்கள். பெண் நாய் நல்லது. வளர்ந்த நாயின் குணம் பார்த்தாலே தெரியும், குட்டியிடம் அது தெரியாது. ராஜபாளையம், சிப்பிப்பாறையெல்லாம் நம் பெருமைதான். ஆனால் ஓடப் பிறந்த இனங்கள். பிளாட்டில் முதியவரோடு அடைத்துவைத்தால் இரண்டு பேருக்குமே தண்டனை. தேர்ந்தெடுக்க அப்பாவையே அழைத்துப் போங்கள். இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாமா என்று காப்பகத்தில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பலரும் சறுக்குவது இங்கேதான்: நாய் அப்பாவுடையது, வேலையெல்லாம் வேலைக்காரம்மாவுடையது. அப்படியானால் அப்பாவுக்கு ஒரு பலனும் இல்லை. காலைச் சாப்பாடு அவர் கையால்தான், காலை ஏழுக்குள் ஒன்று, மாலை ஆறுக்கு மேல் ஒன்று என இருபது நிமிட வாக்கிங் அவரோடுதான் என்று வைத்துவிடுங்கள். நாய்க்குப் பசித்தால் அவர் எழுந்தாக வேண்டும். எழுந்தால் காபி போடுவார், கதவைத் திறப்பார். தெருவில் இறங்கினால் "பேரென்ன சார்? கடிக்குமா?" என்று தெரியாதவர்கூட வந்து பேசுவார். துணை இழந்தவருக்கு நாயின் அன்பை விட இந்தப் பேச்சு சில சமயம் பெரிய மருந்து.

விழாமலிருக்க: நாயின் கழுத்துப் பட்டையில் சின்ன மணி கட்டுங்கள், காலடியில் வந்து நின்றால் தெரியும். கயிறு ஐந்தடி, நீளாத வகை. அதை மணிக்கட்டில் சுற்றவே கூடாது. கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல், நெஞ்சின் முன்பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸில் மாட்டினால் இழுப்பு குறையும். பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும்.

ரேபிஸ் தடுப்பூசி வருடம் ஒருமுறை, குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்: கடியோ ரத்தம் வந்த கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் சின்னக் கீறலும் நிற்காமல் கசியும், நினைவிருக்கட்டும்.

கடைசியாக, அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாயை யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பதில் இல்லையென்றால் நாயும் வேண்டாம்.

டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள மாமியார் சாப்பாட்டு மேஜையில் இரண்டு நிமிடம்கூட உட்கார்வதில்லை. மீன் தொட்டி வைத்தால் உட்காருவார் என்று படித்தேன். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

உண்மை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் என்னும் மறதி நோய் உள்ளவர்களுக்கான இல்லங்களில் 62 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. சாப்பாட்டு அறையில் மீன் தொட்டி வைத்த முதல் இரண்டு வாரத்தில் உணவு உட்கொள்வது 21 சதவீதம் கூடியது, 16 வாரத்தில் சராசரி எடை முக்கால் கிலோ ஏறியது. அசையும் மீனைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் நீடிக்கிறார்கள், நீடிப்பதால் சாப்பிடுகிறார்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி போதும். சுமார் 50 லிட்டர் பிடிக்கும். தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டும் என்பதால் டீப்பாய் மேல் வைக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், அவர் நாற்காலிக்கு நேர் எதிரே வையுங்கள். கோல்டு ஃபிஷ் வேண்டாம். அது பெரிதாகும், அழுக்கும் அதிகம். ஆண் கப்பி மீன்கள் நான்கைந்தோடு தொடங்குங்கள். பெண்ணும் சேர்ந்தால் இரண்டு மாதத்தில் தொட்டி கொள்ளாது. நம் ஊர்ச் சமவெளி வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை.

பெரும்பாலான தொட்டிகள் முதல் மாதத்திலேயே செத்துப்போவதற்குக் காரணம் சுத்தம்! மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் தண்ணீர் கலங்கியதைப் பார்த்து மொத்தத் தண்ணீரையும் கொட்டி, பஞ்சைக் குழாயடியில் அலசிவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினில் பாக்டீரியா சாகிறது, பின்னாலேயே மீனும் சாகிறது. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரை ஏர் பம்ப் ஓடவிட்டு 24 மணி நேரம் வைத்திருந்து ஊற்றுங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சேருங்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சைப் பிழிந்து திரும்ப வையுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடக் கூடாது, ஆறாத தோல் கட்டி வரக்கூடும்.

மாமியார் தீனி போட ஆசைப்படுவார். போட்டதை மறந்து திரும்பப் போடுவார். மிஞ்சிய தீனி அழுகினால் மீன் போச்சு. வாரத்துக்கான மாத்திரை டப்பா இருக்கிறதல்லவா, அதன் ஒவ்வொரு அறையிலும் இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு மட்டும் போட்டு, அன்றைய அறையை மட்டும் திறந்து கையில் கொடுங்கள். மீதியை ஒளித்து வையுங்கள், இல்லையென்றால் அவரே வாயில் போட்டுக்கொண்டுவிடக்கூடும். தொட்டி மூடிக்குப் பூட்டு அவசியம். செத்த மீனை அவர் கண்ணில் படுமுன் எடுத்துவிடுங்கள்.

ஆட்டிசம் உள்ள ஆறு வயது மகனை நாய்த் தெரபிக்கு அழைத்துச் செல்லலாமா? நல்ல மையம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், கோவை

செல்லலாம், ஆனால் பேச்சுப் பயிற்சியையோ ஆக்குபேஷனல் தெரபியையோ நிறுத்திவிட்டு அல்ல. நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தான் வளர்த்த ஜிங்கிள்ஸ் என்ற நாய் அறையில் இருந்தபோது, மற்றவர்களிடம் வாய் திறக்காத ஒரு சிறுவன் அதனோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்து 1962-ல் எழுதினார். இந்தத் துறை தொடங்கியது அங்கேதான். அதன் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களில் நடந்தவை. பெரிதாக நடந்ததில் ஒன்று குதிரையை வைத்து: அமெரிக்காவில் 127 குழந்தைகளோடு நடந்து 2015-ல் வெளியானது. பத்து வாரக் குதிரையேற்றத்துக்குப் பிறகு எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்தன. ஆட்டிசம் குணமாகும் என்று எந்த மையமாவது சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

நல்ல மையத்தில் இரண்டு பெரியவர்கள் கட்டாயம் இருப்பார்கள். தெரபிஸ்ட் பையனைப் பார்ப்பார், நாயின் பொறுப்பாளர் நாயை மட்டுமே பார்ப்பார். ஒருவரே இரண்டையும் பார்த்தால் கடி விழும். நாய்க்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், முந்தைய 24 மணி நேரத்தில் குளித்திருக்க வேண்டும், பச்சை இறைச்சி தின்னும் நாயாக இருக்கக் கூடாது, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முதல் நாள் நாய் படுத்திருக்கும், பையன் ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பான், அவ்வளவே. அடுத்து பிரஷ் வரும். முதுகில் மட்டும், தெரபிஸ்ட் எண்ண எண்ண ஐந்து முறை. பிறகு தெரபிஸ்ட் முறை, பிறகு திரும்ப அவன் முறை. அவனுக்கு எண்ணிக்கையும் பிடியின் பலமும் காத்திருப்பதும் ஒரே வேலையில் கிடைக்கின்றன. "வா", "உட்கார்" என்று அவன் சொன்னால்தான் நாய் அசையும் என்னும்போது பேச ஒரு காரணமும் கிடைக்கிறது.

நீங்கள் ஓரமாக உட்கார்ந்து நாயைக் கவனியுங்கள். தீனி இல்லாதபோது உதட்டை நக்குவது, கொட்டாவி, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரிவது, வாலை இடுக்கிக்கொள்வது எல்லாம் "போதும்" என்பதன் அடையாளம். சட்டென்று விறைத்து நின்றால் அடுத்தது கடிதான். அந்த நேரத்தில் நாயை வெளியே அழைத்துப் போகாத மையத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

தனியாக இருக்கும் பாட்டிக்குப் பேச்சுத்துணையாகப் பச்சைக்கிளி வாங்கித் தரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

கூடாது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாட்டி மேல் வழக்கு வரலாம். லவ் பேர்ட்ஸ் என்று கடையில் விற்கிற வெளிநாட்டுக் குருவிகளுக்குத் தடை இல்லை, ஜோடியாக வாங்குங்கள். கூண்டுக் காகிதத்தை எடுப்பதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள், காய்ந்த எச்சத்தின் தூசியில் நுரையீரல் தொற்று வரலாம். பாட்டிக்கு ஆஸ்துமா இருந்தால் பறவையே வேண்டாம்.

மருமகள் உண்டாகியிருக்கிறாள். வீட்டுப் பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்கள்.
– வாசகி, மதுரை

விட வேண்டாம். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமிதான் பயம். பூனை மலத்தில் வெளிவந்த பிறகு அது தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். ஆகவே பூனை மலம் கழிக்கும் மண் தட்டை மருமகள் தொடாமல் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே அலையவிடாதீர்கள். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் இதே கிருமியைத் தரும், பூனையை விரட்டுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

அப்பார்ட்மென்ட் சங்கம் நாய் கூடாது என்கிறது. மனநலத்துக்கு இந்தப் பிராணி துணை வேண்டும் என்னும் 'எமோஷனல் சப்போர்ட்' சான்றிதழ் ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கினால் தப்பிக்கலாமா?
– வாசகர், சென்னை

காசைக் கொட்டாதீர்கள். அந்தச் சான்றிதழுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை, உங்களுக்கு அது தேவையும் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் சங்கம் செல்லப்பிராணியைத் தடை செய்ய முடியாது. லிஃப்டில் ஏறக் கூடாது என்றும் சொல்ல முடியாது. மாநகராட்சி உரிமம், தடுப்பூசி அட்டை இரண்டின் நகலோடு அந்த வழிகாட்டுதலையும் இணைத்துச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மாடிப்படியிலும் லிஃப்டிலும் கயிறில்லாமல் விடாதீர்கள், நாய் போனதை அள்ளப் பையோடு இறங்குங்கள். முக்கால்வாசிச் சண்டை அந்தப் பை இல்லாததால் வருவது.