அறைத்தோழரின் ஞாபகசக்தியும் உங்கள் குரூப் 2 படிப்பும்

நண்பரே, அறைத்தோழர் ஒரு தடவை படித்தாலே பக்கம் பக்கமாக ஒப்பிக்கிறார், எனக்கோ அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகள் இரண்டே நாளில் மறந்துவிடுகின்றன, குரூப் 2 எழுதுவதையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

ராஜன் மகாதேவன் என்று ஒருவர், 1981-ல் மங்களூரில் 3.14 என்று தொடங்கி முடிவில்லாமல் நீளும் பை (π) எண்ணின் 31,811 இலக்கங்களை மனப்பாடமாகச் சொல்லிக் கின்னஸில் இடம்பிடித்தவர். கேட்டால் பிறவி வரம் என்றுதான் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் உளவியலாளர்கள் அவரைச் சோதித்தபோது, எண்களுக்குப் பதில் பழக்கமில்லாத குறியீடுகளைக் கொடுத்தால் அவருடைய நினைவும் முதலில் நம்மைப் போலச் சாதாரணமாகத்தான் இருந்தது. எண்களோடு பல காலம் புழங்கியதில் வந்த திறமை அது. பார்த்ததை அப்படியே படம்பிடித்து வைக்கும் மூளை எந்தப் பெரியவருக்கும் இருப்பதாக இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் திரும்பத் திரும்ப வாசித்து மஞ்சள் கோடு போடுவதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். அது போதாது. சரி, இன்றைக்கு அடிப்படை உரிமைகளை எடுங்கள்: 14 முதல் 18 வரை சமத்துவம், 19 முதல் 22 வரை சுதந்திரம், 23, 24 சுரண்டலுக்கு எதிரானவை. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் எழுதிப் பாருங்கள், 17 தீண்டாமை ஒழிப்பு என்பது வராமல் திணறினாலும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அப்புறம்தான் புரட்ட வேண்டும், அந்தத் திணறலில்தான் விஷயம் பதிகிறது. நாளைக்கு ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, எல்லாமே பார்க்காமல். முடிந்தால் அறைத்தோழரையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.